மலையகத்தில் பறவை பார்க்க எந்த ஸூம்? 15-45ஆ, 20-60ஆ, 25-50ஆ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, ஹக்கல, ஹோட்டன் சமவெளிப் பக்கம் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போவது என் தொழில். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறார்கள். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். அவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எத்தனை எக்ஸ் வாங்கணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். பைனாகியூலர் என்றால் இரண்டு கண்ணாலும் பார்ப்பது. ஸ்கோப் என்றால் முக்காலியில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பது. கீழே வரும் "ஸூம்" பேச்சு பெரும்பாலும் ஸ்கோப்பைப் பற்றியது.

8×42, 20-60×80 என்று எழுதியிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

முதல் எண், எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது. எட்டு என்றால் 80 மீற்றரில் இருக்கும் பறவை 10 மீற்றரில் இருப்பது போலத் தெரியும். 20-60 என்று இரண்டு எண் இருந்தால், வளையத்தைத் திருகி 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை மாற்றலாம். பெருக்கல் குறிக்குப் பின்னால் இருப்பது முன் லென்ஸின் அகலம், மில்லிமீற்றரில். வெளிச்சம் உள்ளே வருகிற வாசல் அது.

மேல் எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே? 60 வரை போகிறதை விட்டுவிட்டு 45 வரை போகிறதை ஏன் வாங்க வேண்டும்?

கடைக்காரர் காட்டுவதும் மேல் எண்ணைத்தான், பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பதும் அதைத்தான். நம்முடைய மலையில் நீங்கள் நாள் முழுக்கப் பயன்படுத்தப் போவது கீழ் எண். வாங்கும்போது முதலில் அதைப் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வளையத்தைத் திருகி மடங்கைக் கூட்டக் கூட்ட மூன்று விஷயங்கள் குறைகின்றன. முதலாவது பார்வை அகலம். சாதாரண 20-60 ஸ்கோப்பில், 1000 மீற்றர் தூரத்தில் 20 மடங்குக்குச் சுமார் 36 மீற்றர் அகலம் தெரியும். 60 மடங்கில் அது 20 மீற்றருக்குள் சுருங்கிவிடும். இதையே 50 மீற்றர் தூரத்து மரத்துக்குக் கணக்குப் போட்டால் 60 மடங்கில் ஒரு மீற்றர் அகலம்கூடத் தேறாது. ஒரு கிளையில் இருந்து அடுத்த கிளைக்குத் தாவினாலே குருவி உங்கள் வட்டத்தை விட்டுப் போய்விடும்.

இரண்டாவது வெளிச்சம். லென்ஸ் அகலத்தை மடங்கால் வகுத்தால், கண் பக்கத்தில் வெளியே வரும் ஒளி வட்டத்தின் அகலம் கிடைக்கும். 80ஐ 20ஆல் வகுத்தால் 4 மில்லிமீற்றர். 60ஆல் வகுத்தால் 1.3தான். நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குச் சுருங்கியிருக்கும், அதனால் வித்தியாசம் குறைவாகத் தெரியும். விடியற்காலையிலும் மழை மூட்டத்திலும் கண்மணி விரிந்திருக்கும். அப்போது 60 மடங்கில் படம் 20 மடங்கில் இருந்ததில் ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சத்தோடுதான் தெரியும்.

மூன்றாவது ஆட்டம். காற்றில் முக்காலி நடுங்குவது, மரப்பாலத்தில் யாராவது நடப்பது, உங்கள் விரல் வளையத்தில் படுவது எல்லாமே 60 மடங்கு பெரிதாகும்.

எங்கள் தோட்டத்துக் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாள் ஸ்கோப்பை வைத்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பட்ட மரத்தில் உட்கார்ந்திருந்த பாம்புக்கழுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து நிறுக்க வந்த அக்கா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். 20 மடங்கில் வைத்திருந்தேன். பார்த்ததும் "கண்ணு மஞ்சளா இருக்கு தம்பி! என்னையே பாக்குது!" என்று நிமிர்ந்தார். இன்னும் பெரிதாகக் காட்டலாம் என்று 60க்குத் திருப்பிக் கொடுத்தேன். "இருட்டாப் போச்சு, ஒண்ணுமே காணோம்" என்றார். திரும்ப 20க்கு வந்தோம். முப்பது வருஷமாகத் தினமும் தாண்டிப் போகிற மரத்தை அவர் அன்றைக்குத்தான் அவ்வளவு நேரம் நின்று பார்த்தார்.

சரி, அப்படியானால் 15-45, 20-60, 25-50 இந்த மூன்றில் எது?

எங்கே நின்று பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பெரும்பாலும் காட்டு ஓரம், பூங்கா, தோட்டத்துப் பாதை என்றால் 15-45×60 போதும். அடியில் 15 மடங்கு இருப்பதால் பறவையைத் தேடிப் பிடிப்பது லேசு. ஸ்கோப் ஒரு கிலோ அளவில்தான் இருக்கும், சின்ன முக்காலியே தாங்கும். பட்டிப்பொலையில் இறங்கி ஹோட்டன் சமவெளிக்கு ஏறி நடக்கிற ஒருவருக்கு அந்த எடைக் குறைவின் அருமை தெரியும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

20-60×80, திறந்த வெளிக்கு. மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களின் கரையில் நின்று அந்தக் கரையில் நிற்கும் நாரையைப் பார்ப்பது, ஹப்புத்தளை விளிம்பில் நின்று பாறை முகப்பில் உட்கார்ந்திருக்கும் வல்லூறைத் தேடுவது போன்ற வேலைக்கு அது நல்லது. ஸ்கோப் மட்டுமே ஒன்றரை, இரண்டு கிலோ வரும். முக்காலியும் அதே அளவு வரவேண்டும், இல்லாவிட்டால் காற்றில் நிற்காது. 20-60×60 என்றும் விற்கிறார்கள். அதில் 60 மடங்கில் ஒளி வட்டம் 1 மில்லிமீற்றர்தான். 40க்கு மேல் நீங்கள் திருகவே மாட்டீர்கள்.

25-50 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாந்து நல்லதை விட்டுவிடுகிறார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் 20-60 கீழேயும் அதிகம் போகிறது, மேலேயும் அதிகம் போகிறது. 25-50ஐ ஏன் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்? சாதாரண ஸூம் கண்வில்லைக்கு, அதாவது கண் வைத்துப் பார்க்கிற பக்கத்து லென்ஸுக்கு, கீழ் மடங்கில் ஒரு குறை உண்டு: குழாய் வழியாக எட்டிப் பார்ப்பது போலச் சுற்றிலும் கறுப்பாக, நடுவில் சின்ன வட்டமாகத் தெரியும். மடங்கைக் கூட்டினால்தான் வட்டம் விரியும். மூன்று மடங்கு நீட்டிச் சுருக்குவதற்கு லென்ஸ் கொடுக்கும் விலை அது. 25-50 இரண்டே மடங்குதான் நீள்கிறது. அதனால் அடியிலேயே வட்டத்தை அகலமாக வைக்க முடிகிறது. அகல வகை 25-50 ஸ்கோப்பில் 25 மடங்கிலேயே 1000 மீற்றரில் சுமார் 42 மீற்றர் தெரியும். 20-60 தன் 20 மடங்கில் காட்டும் 36ஐவிட இது கூட. பெரிதாகவும் தெரிகிறது, அகலமாகவும் தெரிகிறது.

ஆகவே கீழ் எண்ணைப் பாருங்கள் என்று சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தக் கீழ் எண்ணில் எத்தனை மீற்றர் அகலம் தெரியும் என்று கடையில் கேளுங்கள். பெட்டியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். கையில் காசு இருந்தால் 25-50 அகல வகையைத் தயங்காமல் எடுங்கள். இல்லையென்றால் 15-45.

பைனாகியூலரிலேயே ஸூம் இருக்கிறதே, 10-30×50 என்று? ஒன்றை வாங்கினால் இரண்டு வேலையும் முடியுமே?

தயவுசெய்து வாங்காதீர்கள். இதை நான் பட்டு அறிந்தேன். என்னுடைய முதல் பைனாகியூலர் அப்படியான ஒன்றுதான், கொழும்பில் நடைபாதைக் கடையில் வாங்கியது. மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு. வாங்கி வந்த மறுநாள் காலையில் ஹக்கலவில் ஒரு குருவியைப் பார்த்தேன். 10 மடங்கில் ஏதோ பரவாயில்லை. நெம்புகோலைத் தள்ளியதும் ஒரு குருவி இரண்டாகப் பிரிந்தது. அரை மணி நேரத்தில் நெற்றிப் பொட்டு வலிக்கத் தொடங்கிவிட்டது. கோளாறு என் கண்ணில்தான் என்று நினைத்துப் பல நாள் கஷ்டப்பட்டேன்.

காரணம் எளிது. ஸ்கோப்பில் ஒரே குழாய். பைனாகியூலரில் இரண்டு. நெம்புகோலைத் தள்ளும்போது இரண்டு குழாய்க்குள்ளும் இருக்கிற லென்ஸ்கள் ஒரே அளவு, ஒரே நேர்கோட்டில் நகர வேண்டும். ஒரு மயிரிழை பிசகினாலும் இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு படம் போகும். மூளை அதை ஒட்டவைக்கப் பார்க்கும், அதனால்தான் தலைவலி. இது போதாதென்று, 30 மடங்கைக் கையில் பிடித்து அசையாமல் பார்க்க யாராலும் முடியாது.

அப்போது பைனாகியூலரில் ஸூம் இல்லாமல் 8ஆ, 10ஆ?

காட்டுக்குள் 8×42. இருபது மீற்றர் தூரத்துப் புதரில் எட்டு மடங்கு இரண்டரை மீற்றர் அகலத்துக்குக் காட்டும், கை ஆட்டமும் குறைவு. மேகக்காட்டில் மஞ்சள் காதுச் சின்னானும் இலங்கை வெள்ளைக்கண்ணியும் கலந்து ஒரு கூட்டமாக வந்தால் ஒரு நிமிஷத்தில் கடந்துவிடும். அப்போது அகலம்தான் கைகொடுக்கும். நீர்த்தேக்கமும் பாறை விளிம்பும்தான் உங்கள் இடம், ஸ்கோப் வாங்க வழியில்லை என்றால் 10×42. இரண்டுக்கும் காசு இல்லை, ஒன்றுதான் முடியும் என்றால் ஸ்கோப்பை விடுங்கள். முதலில் 8×42 பைனாகியூலர். ஸ்கோப் இல்லாமல் வழிகாட்டலாம், பைனாகியூலர் இல்லாமல் முடியாது.

விடியற்காலை அரெங்காவைப் பார்க்க எது உதவும்?

அரெங்கா என்று வழிகாட்டிகள் சொல்வது இலங்கைச் சீகாரப் பூங்குருவியை. இந்த நாட்டில் மட்டுமே உள்ள பறவை. கருநீலம், நீரோடைப் பக்கத்து அடர் நிழல், வெளியே வருவதும் விடியும் நேரத்திலும் இருட்டும் நேரத்திலும்தான். ஹோட்டன் சமவெளியில் அதற்காகவே பெயர் பெற்ற ஒரு குளம் இருக்கிறது. அங்கே ஸ்கோப்பின் மடங்கு வேலைக்கு ஆகாது. 8×42 தரும் ஒளி வட்டம் 5 மில்லிமீற்றருக்கு மேல், 10×42இல் 4 மில்லிமீற்றர் சொச்சம். அந்த ஒரு மில்லிமீற்றரில்தான் கறுப்பாகத் தெரிந்தது நீலமாக மாறும். ஸ்கோப்தான் கையில் இருக்கிறது என்றால் வளையத்தை அடி எண்ணில் வையுங்கள், பறவை வெளியே வந்த பிறகும் தொடாதீர்கள்.

விக்டோரியா பூங்காவில், ஆற்றோரத்துச் சருகுக்குள் குளிர்காலத்தில் வந்து நிற்கும் ஆறுமணிக்குருவிக்கும் இதே கதைதான். சருகைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இரண்டு எட்டுத் தத்தும், நிற்கும், திரும்பத் தத்தும். 15 மடங்கில் வைத்துக் காத்திருந்தால் அலகில் மண் ஒட்டியிருப்பது வரை தெரியும்.

மூடுபனிக்கு அதிக மடங்கு உதவுமா?

உதவாது. பனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளி. மடங்கைக் கூட்டினால் பறவையோடு சேர்த்து அந்தத் துளி சிதறடிக்கும் வெளிச்சத்தையும் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். ஹோட்டன் சமவெளியின் உலக முடிவுப் பக்கம் காலை ஒன்பது பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தில் இருந்து பனி ஏறிவிடும். அதற்கு முன்னால் போய்விடுவதுதான் வழி.

பனி இல்லாத நாளில் வேறொரு தொல்லை இருக்கிறது. நடுப்பகலில் சூடான காற்று மேலே எழும்பும்போது படம் கொதிக்கிற தண்ணீர் போல நெளியும். கிரகரி ஏரிக்கு மேலாகப் பார்க்கும்போது தெரியும். லயத்துத் தகரக் கூரைக்கு மேலாகப் பார்த்தால் ரொம்ப மோசம். பலர் ஸ்கோப் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். 25க்கு இறக்குங்கள், அல்லது கூரை குறுக்கே வராத இடத்துக்கு நகருங்கள்.

நம்முடைய ஈரத்துக்கு லென்ஸ் தாங்குமா? பூஞ்சை பிடிக்கிறது என்கிறார்களே?

பிடிக்கும். மலையகத்தில் ஸ்கோப்புக்கு முதல் எதிரி அதுதான். லென்ஸுக்குள் சிலந்தி நூல் போல வெள்ளையாகக் கிளை விட்டுப் படரும். விட்டுவிட்டால் மேல் பூச்சை அரித்துவிடும், அதன் பிறகு துடைத்தும் பயனில்லை.

வாங்கும்போதே தண்ணீர் புகாதது, உள்ளே நைதரசன் அடைத்தது என்று பார்த்து வாங்குங்கள். ஸூம் வளையம் சுழலும் இடத்தில்தான் மலிவான ஸ்கோப்புகள் காற்றையும் ஈரத்தையும் உள்ளே விடும். அதனால் காசு குறைவாக இருக்கிறவர்களுக்கு ஸூம் இல்லாத, ஒரே மடங்குக் கண்வில்லை உள்ள பழைய நல்ல ஸ்கோப் கிடைத்தால் அதுவும் மோசமில்லை.

வீட்டில் வைக்கும் முறை முக்கியம். தோல் உறையிலோ துணிப் பையிலோ மூடி அலுமாரிக்குள் வைக்காதீர்கள், அது பூஞ்சைக்கு மெத்தை போட்டுக் கொடுப்பது போல. காய்வதற்காக அடுப்புக்கு மேலே தொங்கவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஸ்கோப்பை அப்படித் தொங்கவிட்டால் விறகுப் புகை ஒட்டிப் பசை போலப் படியும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக இருந்தால் ஈரம் ஏறியது தெரியும், சூடுகாட்டித் திரும்பப் பயன்படுத்தலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள். வேண்டாம், அரிசி மாவு எல்லா இடுக்கிலும் போய் உட்காரும்.

மழையில் நனைந்து வந்தால் வெளியே துடைத்து, கண்வில்லை மூடியைத் திறந்துவைத்து, காற்றில் உலரவிட்ட பிறகே டப்பாவுக்குள். குளிரில் இருந்து சூடான அறைக்குள் கொண்டுபோகும்போது பையோடு அரை மணி நேரம் மூடியே வையுங்கள். உடனே திறந்தால் கண்ணாடி முழுக்க நீர் பூக்கும்.

கண்ணாடி போட்டிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கண்வில்லையில் இருந்து எவ்வளவு தூரம் வரை கண்ணைத் தள்ளி வைத்தால் முழு வட்டம் தெரியும் என்று ஒரு அளவு கொடுத்திருப்பார்கள். அது 15 மில்லிமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். ஸூம் கண்வில்லையில் இந்த அளவு மடங்கோடு மாறும், அதனால் கண்ணாடியைக் கழற்றாமல் இரண்டு முனையிலும் பார்த்து வாங்குங்கள்.

நேராகப் பார்க்கும் ஸ்கோப்பா, சாய்ந்த கண்வில்லையா?

வழிகாட்டி வேலைக்குச் சாய்ந்ததுதான். உயரமான ஜெர்மன்காரர் ஒருவர், அவர் மனைவி, எட்டு வயதுப் பிள்ளை மூவரும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். சாய்ந்த கண்வில்லை என்றால் முக்காலியைத் தாழ்வாக வைத்துவிடலாம், பெரியவர் குனிந்து பார்ப்பார், பிள்ளை எட்டிப் பார்க்கும். முக்காலி தாழ்ந்தால் காற்றும் குறைவாக ஆட்டும். பறவையைக் குறி பிடிக்க மட்டும் முதல் இரண்டு வாரம் தடுமாறுவீர்கள், அப்புறம் பழகிவிடும்.

துப்பாக்கி ஸ்கோப் 3-9×40 ஒன்று கிடைக்கிறது, மலிவு. அதால் பறவை பார்க்கலாமா?

அதுவும் ஸூம்தான், எண் எழுதும் முறையும் ஒன்றுதான். 3இலிருந்து 9 மடங்கு, 40 மில்லிமீற்றர் லென்ஸ். ஆனால் வேறு வேலைக்குச் செய்த பொருள். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது கண்ணில் இடிக்கக்கூடாது என்று கண்ணை எட்டொன்பது சென்ரிமீற்றர் தள்ளி வைத்துப் பார்க்கும்படி செய்திருப்பார்கள். கையில் பிடித்துப் பார்த்தால் ஓரம் கறுத்து வட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். மலிவானவற்றில் தூரத்துக்கேற்பக் குவியம் மாற்றவும் வழி இருக்காது, சுமார் 100 யார் தூரத்துக்குக் கட்டி வைத்துவிடுவார்கள். கண்வில்லையைத் திருகினால் உள்ளே இருக்கிற சிலுவைக்கோடுதான் தெளிவாகும். பத்து மீற்றர் பக்கத்துக் குருவி மங்கலாகவே இருக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று. இந்த நாட்டில் துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், தேசிய பூங்காக்களில் அதிகாரிகள் கவனமாக இருப்பார்கள். துப்பாக்கிப் பொருள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காட்டு ஓரத்தில் நிற்கிற தோட்டத்துப் பையனைப் பார்த்து யாரும் பறவை பார்க்க வந்தவன் என்று முதலில் நினைக்கமாட்டார்கள். உங்களுக்கு அந்த நிலை வரவேண்டாம்.

ஃபோனை வைத்துப் படம் எடுக்க எந்த மடங்கு?

அடி மடங்கிலேயே. ஃபோனைப் பிடிக்கும் தாங்கி ஒன்று வாங்குங்கள், கையால் பிடித்தால் ஓரம் கறுக்கும். சுற்றிலும் கறுப்பு வட்டம் விழுந்தால் ஸ்கோப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஃபோனையும் இலேசாகப் பெரிதாக்குங்கள். தொட்டால் ஆடும், அதனால் இரண்டு விநாடி தாமதம் போட்டு எடுங்கள்.

60 மடங்கு எதற்குத்தான் பயன்?

சிவனொளிபாதமலை உச்சியைத் தெளிவான காலையில் தூரத்தில் இருந்து பார்க்க. இரவில் நிலாவின் பள்ளங்களைப் பார்க்க. வியாழனுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் நான்கு நிலாக்களைப் பார்க்க. இந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் 20, 30 மடங்கே போதும். லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காட்டுங்கள், மறக்கமாட்டார்கள்.

கடையில் நின்று எப்படிச் சோதிப்பது? பழையது வாங்கலாமா?

பழையது தாராளமாக வாங்கலாம். வெளிச்சமான கடை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கோப்பைத் திருப்பிப் பிடித்து, முன் லென்ஸுக்குள் ஃபோன் டோர்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசி நாலு இருந்தால் பரவாயில்லை, நூல் போலப் படர்ந்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து, தெருவுக்கு அந்தப் பக்கம் உள்ள பெயர்ப் பலகையில் ஒரு எழுத்தை அடி மடங்கில் தெளிவாக்குங்கள். குவியத்தைத் தொடாமல் மெதுவாக மேல் மடங்குக்குத் திருகுங்கள். எழுத்து தெளிவாகவே இருந்தால் நல்ல ஸூம். ஒவ்வொரு தடவையும் மங்கி, திரும்பத் திரும்பக் குவியம் வைக்க வேண்டியிருந்தால் அது மலையில் உங்களைக் கஷ்டப்படுத்தும். வளையம் மொறுமொறுவென்று மணல் அரைபடுவது போலத் திரும்பினாலும் வேண்டாம். எந்த எண்ணுக்கு மேல் எழுத்து பெரிதாகிறதே தவிரப் புதிதாக எதுவும் தெரியவில்லை என்று பாருங்கள். பெட்டியில் 60 என்று போட்டிருந்தாலும் அந்த எண்தான் அந்த ஸ்கோப்பின் உண்மையான மேல் எண். 40இல் நின்றுவிட்டால், 40க்கு உரிய விலையைப் பேசுங்கள்.